சௌகரியமாக இருக்கிறார்

டொலீடோ, ஒஹாயோ
11 ஜனவரி 1988

ரெய்னோ,

நீ திரும்பத் திரும்ப போன் செய்வதாக என் தங்கை க்ளாடிஸ் சொல்கிறாள். எடுக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று கேட்பேன், அப்புறம் இரண்டு பேருமே "நான் அப்படிச் சொல்லலியே" என்போம். எழுது. எழுதியதை மறுபடி எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

சாவுக்கான ஆராதனை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நான் கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனதை ஊரே பார்த்தது. ஏன் போனேன் என்று உனக்குத் தெரியாது. பாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெய்னோவுக்கு எவ்வளவு பெரிய மனசு, அப்படி ஒரு முடிவை யார் எடுக்க முடியும்" என்றார். என்ன முடிவு என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. கேக் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்ககிட்ட சொல்லலியா" என்றார்.

சிகிச்சையை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் நீ சம்மதம் சொல்லியிருக்கிறாய். என் புருஷன், உன் அண்ணன் ஆர்வோவுக்கு நிமோனியா. வயது ஐம்பத்தேழு. நான் கப்பலில் சமையல் வேலையில் இருந்தேன், செத்துப்போகவில்லை. கப்பலுக்குத் தகவல் அனுப்ப வழி இருந்தது.

டாக்டர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், ஒரு வார்த்தை விடாமல் எழுது. உன் நியாயங்கள் எனக்கு வேண்டாம்.

வெர்னா


இஷ்பெமிங், மிச்சிகன்
19 ஜனவரி 1988

வெர்னா,

நான் லெட்டர் எழுதி எத்தனையோ வருஷம் ஆச்சு. தப்பு இருந்தா பொறுத்துக்க.

அன்னிக்கு சாயங்காலம் டாக்டர் போன் பண்ணினார். வெளியில பனி அப்படிக் கொட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போற ரோடை மூடிட்டாங்கன்னு ரேடியோவில சொல்லிக்கிட்டிருந்தான். டாக்டர் சின்ன வயசு ஆள், மெதுவாப் பேசினார். "இன்னும் எல்லாத்தையும் பண்ணிப் பாக்கலாம், மெஷின் வைக்கலாம், வேற ஊருக்குக் கொண்டு போகலாம். இல்லேன்னா அவரை சௌகரியமா வச்சுக்கலாம்"னார். நான், "சௌகரியமா வையுங்க டாக்டர், பாவம் ரொம்பக் கஷ்டப்பட்டுட்டான்"னேன். "உங்க அண்ணன் ரொம்பப் போராடிட்டார்"னார். ஆமாம்னேன். அப்புறம், "அப்போ அனுப்பி வச்சிடலாம், உங்களுக்குச் சம்மதம்தானே?"ன்னார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு உனக்கு எப்படிச் சொல்றது. வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு நினைச்சேன். "தாராளமா அனுப்புங்க, ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்"னேன். நர்ஸ் லைனுக்கு வந்தாங்க. அவங்ககிட்ட, "ரோடு திறந்ததும் கூட்டிட்டுப் போக வரேன்னு அவன்கிட்ட சொல்லுங்க"ன்னேன்.

அன்னிக்கு உங்க வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினேன். படுக்கையைக் கீழ் ரூமுக்கு இறக்கினேன், அவன் மாடி ஏற வேண்டாமேன்னு. காலையில சௌனாவுக்கு விறகு அடுக்கி வச்சேன், சாயங்காலம் சூடு பண்ணி ரெண்டு பேரும் நீராவியில உக்காரலாம்னு. பனி தள்ற வண்டி வந்து ரோடைத் திறந்ததும் கிளம்பினேன். அவன் பூட்ஸ், கம்பளிக் கோட்டு, ஃப்ளாஸ்க்ல காபி எல்லாம் வண்டியில.

மூணாவது மாடியில நர்ஸ் என்னைப் பாத்ததும் எழுந்து வந்தாங்க. "போயிட்டார்"னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எப்படிப் போனான், பூட்ஸ் என்கிட்டல்ல இருக்கு"ன்னேன்.

அந்தம்மா அழுதுட்டாங்க. அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது.

அவன் தன்னோட கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தான். பட்டன் எல்லாம் போட்டு. ஆஸ்பத்திரி உடுப்பு இல்ல. அது ஏன்னு எனக்கு இன்னும் தெரியல.

இதான் நடந்தது. பாஸ்டர் என்கிட்டயும் முடிவு, பெரிய மனசுன்னெல்லாம் சொன்னார். அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?

உங்க நாய்க்கு நான்தான் சோறு வைக்கிறேன். உன் கோட்டு சர்ச்சுலேருந்து கொண்டுவந்து வச்சிருக்கேன்.

ரெய்னோ


டொலீடோ
2 பிப்ரவரி 1988

ரெய்னோ,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள்.

நான் நம்பவில்லை. நீ முட்டாள் இல்லை. டாக்டர் அந்தக் குரலில், அந்த நேரத்தில், சம்மதமா என்று கேட்கிறார். வீட்டுக்கு அனுப்புவதற்கு யார் சம்மதம் கேட்பார்கள்? காய்ச்சலில் மூச்சு விட முடியாமல் கிடந்தவனை, ரோடு மூடின பனியில் எந்த டாக்டர் வீட்டுக்கு அனுப்புவார்? உனக்கு அந்தக் கேள்வியே வரவில்லையா?

உங்கள் அம்மா சாகக் கிடந்தபோதும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சௌகரியமாக வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். நீதான் அறைக்கு வெளியே வந்து எங்களுக்குச் சொன்னாய். அப்போது உனக்கு நன்றாகவே புரிந்தது.

இங்கே லைப்ரரியில் பெரிய இங்கிலீஷ் அகராதி ஒன்று மேஜைமேல் விரித்தபடி இருக்கிறது. போய்ப் பார்த்தேன். அனுப்புவது, விடுவது, போவது, இந்தச் சின்ன வார்த்தைகளுக்கெல்லாம் பத்தி பத்தியாக அர்த்தம் போட்டிருக்கிறான். சௌகரியத்துக்கு நாற்காலி இருக்கிறது, செருப்பு இருக்கிறது, போதுமான வருமானம் இருக்கிறது. சாக விடுவது என்பது அதில் இல்லை. அதையும் தேடினேன் என்பதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அகராதியில் இல்லாததெல்லாம் ஊரில் இல்லை என்று ஆகிவிடாது. நீயும் நானும் பிறந்ததிலிருந்து இந்தப் பாஷைக்குள்தான் இருக்கிறோம்.

நீ முடிவெடுத்திருந்தால் எடுத்தேன் என்று சொல். அவன் மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்க முடியவில்லை, அதனால் சொன்னேன் என்று எழுது. உன்னை மன்னிப்பேனா தெரியாது. ஆனால் அப்படி ஒருவன் முடிவெடுத்தான் என்றாவது இருக்கும்.

வெர்னா


இஷ்பெமிங்
10 பிப்ரவரி 1988

வெர்னா,

நீ பிறந்ததிலிருந்து இந்தப் பாஷைக்குள்ள இருக்க. நாங்க இல்ல. ஸ்கூலுக்குப் போற வரைக்கும் வீட்டுல ஃபின்னிஷ்தான். முதல் நாள் டீச்சர் கேட்டது புரியாம ஆர்வோ டிராயரை நனைச்சுட்டான், அவன் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டான். அம்மா விஷயத்துல எங்களுக்கு விளக்கம் சொன்னது பழைய பாஸ்டர், அதுவும் ஃபின்னிஷ்ல. இங்கிலீஷ்ல டாக்டர் என்ன வார்த்தை சொன்னார்னு எனக்கு ஞாபகமே இல்ல.

இதைச் சாக்கா சொல்லல. என் இங்கிலீஷ் யாருக்கும் குறைஞ்சதில்ல. ஆனா நீ கேட்டியே, வீட்டுக்கு அனுப்பறதுக்கு யாரு சம்மதம் கேப்பாங்கன்னு. சுரங்கத்துல வேலையிலேருந்து என்னை அனுப்பினப்போ கேட்டாங்க. ஆபீஸ்ல உக்கார வச்சு அதே மெதுவான குரல்லதான் பேசினான். "உங்களை அனுப்பி வைக்க வேண்டியிருக்கு ரெய்னோ, புரிஞ்சுக்குவீங்கன்னு நினைக்கறேன்"னான். நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். அனுப்பறதுன்னா எனக்குத் தெரிஞ்சது அதான். எங்கேருந்து அனுப்பினாலும் மனுஷன் வீட்டுக்குத்தான் வருவான்.

நான் முடிவெடுத்தேன்னு சொல்லச் சொல்ற. சொன்னா உனக்கு நிம்மதின்னா சொல்லிடலாம்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பேப்பர்கூட எடுத்து வச்சேன். முடியல வெர்னா. ஏன்னா நான் முடிவெடுத்திருந்தா அன்னிக்கு அவன் பக்கத்துல இருந்திருப்பேன். ரோடு மூடியிருந்தா நடந்தாவது போயிருப்பேன். நான் படுக்கை விரிச்சுக்கிட்டு இருந்தேன். பாட்டுப் பாடிக்கிட்டு வேற. பக்கத்து வீட்டுக்காரியைக் கேளு, கேட்டிருப்பா.

நம்பாட்டி போ. நான் இனிமே இதை விளக்கப் போறதில்ல.

ரெய்னோ


டொலீடோ
21 மார்ச் 1988

ரெய்னோ,

உனக்குச் சொல்லாமல் அங்கே வந்திருந்தேன். பஸ்ஸில் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், மறுநாளே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வரவில்லை. வர முடியவில்லை.

டாக்டரைப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரி சின்ன வயதுதான். என்னை உட்கார வைத்து, ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. "மூணு விதமாக் கேட்டேன் மேடம். மூணு தடவையும் சரின்னார். கடைசியில எனக்கு நன்றி வேற சொன்னார்" என்றார். செத்துப்போவார் என்று ஒரு தடவையாவது சொன்னீர்களா என்று கேட்டேன். யோசித்தார். "நாங்க அந்த வார்த்தையைப் பெரும்பாலும் சொல்றதில்ல" என்றார். "குடும்பத்துக்குக் கஷ்டமா இருக்கும்."

மெஷின் வைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். "பிழைச்சிருக்கலாம்" என்றார். அவர் கண் கலங்கியது. நான் அவரைத் திட்டத்தான் போயிருந்தேன். முடியவில்லை.

பிறகு அந்த நர்ஸைக் கண்டுபிடித்தேன். அந்தச் சட்டை விஷயம் அவள் சொன்னாள். நீ போனில், கூட்டிக்கொண்டு போக வருகிறேன் என்று சொல்லச் சொன்னாயே, அதை நீ துக்கத்தில் சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டாள். சாவதற்கு முன் வந்து பார்ப்பதை ஜனங்கள் அப்படியெல்லாம் சொல்வார்களாம். ஆனாலும் நீ சொன்னதை அப்படியே அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். "உங்க தம்பி காலையில கூட்டிட்டுப் போக வரார்." அவன் கண்ணைத் திறந்து, "வீட்டுக்கா?" என்று கேட்டான். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். சட்டை வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரி உடுப்போடு போனால் நீ கேலி செய்வாயாம். அவள்தான் பட்டன் போட்டுவிட்டாள். விடியும்போது போய்விட்டான்.

ஆகவே ரெய்னோ, உன்னை நம்புகிறேன். ஆனால் டாக்டரும் நர்ஸும் சொன்னதற்காக மட்டும் இல்லை.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று சாயங்காலம் எங்கள் கப்பல் சூ நகரத்தில், கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகில் நின்றுகொண்டிருந்தது. அங்கே இறங்கலாம். கேப்டனிடம் ஏற்கனவே கேட்டு வைத்திருந்தேன், பையும் கட்டியிருந்தேன். ஆர்வோவுக்குக் காய்ச்சல் ஏறுகிறது என்று முந்தின நாளே தெரியும். அப்போது ரேடியோவில் கப்பல் கம்பெனி ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பேசினார்களாம். "உங்க வீட்டுக்காரர் சௌகரியமா இருக்கார்."

அவ்வளவுதான் செய்தி. கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான ஃபர்ஸ்ட் மேட் என் தோளைத் தட்டி, "பாத்தியா, நான்தான் சொன்னேனே" என்றான். பையை அவிழ்த்தேன். சந்தோஷத்தில் அன்று ஆப்பிள் கேக் செய்து கப்பல் முழுக்கக் கொடுத்தேன். இறங்கி ஒரு போன் செய்திருந்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் மதகைத் தாண்டி ஹூரான் ஏரிக்குள் போய்விட்டேன்.

அந்த மதகில் நின்றபோது அவன் உயிரோடு இருந்தான். நீயாவது படுக்கை விரித்தாய்.

இங்கே ஒரு வக்கீலிடம் வழக்குப் போட முடியுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தமும் உண்டு மேடம்" என்றார். அதோடு முடிந்தது.

நீ முடிவெடுத்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது இதைவிடச் சுலபமாக இருந்தது. உன்னைத் திட்டிக்கொண்டே தூங்கிவிடுவேன். இப்போது யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசியிருக்கிறார்கள்.

வெர்னா


இஷ்பெமிங்
4 ஏப்ரல் 1988

வெர்னா,

லெட்டர் வந்துது. உடனே எழுத முடியல.

நீ நம்பறேன்னு எழுதினது சரி. ஆனா அந்தச் சட்டை விஷயம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். நான் வருவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கான். நான் பொய் சொல்லல, ஆனா அவன்கிட்ட போய்ச் சேந்தது பொய்தானே. எல்லாரும் சொல்றாங்க, வீட்டுக்குப் போறோம்னு நினைச்சுக்கிட்டே போனது நல்லதுதான்னு. நான் அப்படி நினைச்சுப் பாத்தேன். மனசு ஒத்துக்கல.

நீ சூவுல இறங்கியிருந்தாலும் ரோடு மூடித்தான் இருந்தது. நீ வந்து சேந்திருக்க முடியாது. போன் பண்ணியிருப்பேன்னு சொல்லுவ. பண்ணியிருக்கலாம்தான்.

ஒரு விஷயம். தரை உறைஞ்சு கிடக்கறதால குளிர்காலச் சாவெல்லாம் இன்னும் கல்லறைத் தோட்டத்து ரூம்ல பெட்டியிலதான் இருக்கு, ஆர்வோவும் அங்கதான். தரை இளகிட்டா மே மாசம் குழி தோண்டுவாங்களாம். நாள் மே பதினாலு, சனிக்கிழமை, காலையில பத்து மணி. நீ வருவியா? அன்னிக்கு நீ வேணும். வேற யாரும் எனக்கு இல்ல, உனக்கும் இல்லன்னு நினைக்கறேன். கீழ் ரூம் படுக்கை அப்படியே இருக்கு, நீ தங்கிக்கலாம். கஷ்டமா இருந்தா என் வீட்டுல தங்கிக்க, நான் வண்டிக் கொட்டகையில படுத்துக்கறேன்.

ரெய்னோ


டொலீடோ
18 ஏப்ரல் 1988

ரெய்னோ,

கப்பல்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், வேறு கப்பல். எந்த நாளில் எந்தத் துறைமுகம் என்று இப்போது சொல்ல முடியாது.

மே பதினாலுக்கு வருகிறதைப் பற்றி, பார்க்கிறேன்.

நாய்க்கு வலது காதில் மருந்து விட வேண்டும், அலமாரியில் இருக்கிறது.

வெர்னா


இஷ்பெமிங்
16 மே 1988

வெர்னா,

பத்து மணிக்குன்னு சொல்லியிருந்தோம். உனக்காகப் பதினொண்ணரை வரைக்கும் நிறுத்தி வச்சேன். பாஸ்டர் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தார். குழி தோண்டறவங்க ரெண்டு பேர், அடுத்த குழிக்குப் போகணும்னாங்க. அன்னிக்கு மட்டும் நாலு பேரைப் புதைக்க வேண்டியிருந்தது. "பஸ் லேட்டா இருக்கும், வந்துடுவா, பாக்கறேன்னு எழுதியிருக்கா"ன்னு சொன்னேன். பாஸ்டர் என்னை ஒரு மாதிரி பாத்தார். அப்பவும் எனக்கு உறைக்கல. அவர்தான் மெதுவாச் சொன்னார், "ரெய்னோ, அவங்க வரலைன்னு எழுதியிருக்காங்க."

அப்புறம் இறக்கிட்டாங்க. மழை இல்ல, வெயில் நல்லா இருந்தது. சுரங்கத்துல கூட வேலை பாத்த ரெண்டு பேர் வந்திருந்தாங்க. மண்ணு அள்ளிப் போட்டேன். உனக்காகவும் ஒரு பிடி போட்டேன், போட்டிருக்கக் கூடாதுன்னா சொல்லிடு.

கல்லறைக் கல்லு வெட்டறவர் கேக்கறார். நீயும் ஆர்வோவும் ஒரே கல்லுல ரெண்டு பேருக்கு இடம் விட்டு வாங்கியிருக்கீங்க. உன் பேரையும் பிறந்த வருஷத்தையும் இப்பவே வெட்டிட்டா செலவு குறைச்சலாம், அப்புறம் ஒரு தேதி மட்டும் சேத்தாப் போதுமாம். என்ன சொல்லட்டும்?

தயவு பண்ணி எனக்குப் புரியற மாதிரி எழுது.

ரெய்னோ


கப்பல் தபால், டுலூத் துறைமுகம்
3 ஜூன் 1988

ரெய்னோ,

பார்க்கிறேன் என்று எழுதினால் உனக்குப் புரியும் என்று நினைத்தேன். இவ்வளவுக்கும் பிறகு நான் அப்படி எழுதியிருக்கிறேன். வர மாட்டேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ அங்கே எல்லோரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றதைப் படித்தபோது அடுப்பில் வைத்திருந்தது தீய்ந்துபோய்விட்டது.

அந்த ஒரு பிடி மண் இருக்கட்டும்.

இப்போது புரிகிற மாதிரி எழுதுகிறேன். நான் இஷ்பெமிங்குக்குத் திரும்பி வர மாட்டேன். உன்மேல் கோபம் இல்லை. உன்னைப் பார்த்தால் நீ வண்டியில் ஏறுவது என் கண்ணில் தெரியும். என்னைப் பார்த்தால் நான் பையை அவிழ்ப்பது உன் கண்ணில் தெரியும். அதோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட என்னால் ஆகாது. வீட்டை விற்கச் சொல்லி வக்கீலுக்கு எழுதியிருக்கிறேன். நாயை நீ வைத்துக்கொள். இனிமேல் கடிதம் எழுத மாட்டேன், நீயும் எழுத வேண்டாம்.

கல்லில் என் பெயரை வெட்ட வேண்டாம். அந்த இடத்தில் உன் பெயரை வெட்டச் சொல்.

வெர்னா